வாசித்துச் சொல்ல ஒருவர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் தியாகதுருகத்தை நடுவில் வைத்துச் சுற்றி வந்தால், தமிழ் எழுத்தின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைப் பக்கத்து ஊர்களிலேயே பார்த்துவிடலாம். வடக்கே தென்பெண்ணை வட்டாரத்தில் ஜம்பையும் திருக்கோவிலூரும், கிழக்கே கூவாகம், மேற்கே கல்வராயன் மலை. வாய்மொழியை ஏடும், ஏட்டை அச்சும், அச்சைச் செல்போனும் தள்ளிவிட்டதாகத்தான் எழுத்தறிவின் கதையைச் சொல்லி வருகிறோம். எழுத்து வந்ததும் மனிதன் சிந்திக்கும் முறையே மாறிவிட்டது என்று வால்டர் ஆங் 1982இல் எழுதிய நூல் இந்தப் பார்வைக்கு வலு சேர்த்தது. ஆனால் இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு கருவி வந்தபோதும் மாறியது வேறொன்று: எழுத்துக்கும் கேட்பவருக்கும் நடுவே யார் நிற்கிறார் என்பது.

ஜம்பைக் குகையில் 1981இல் கண்டெடுத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடத்தைப் பற்றியது. ஔவையார் பாடிய அதே அதியமான். சங்கப் பாடல்களை வாய்மொழிப் பாணர் மரபாக 1968இல் விளக்கினார் க. கைலாசபதி, அவை பிற்கால அரசவைப் படைப்புகள் என்று 2001இல் மறுத்தார் ஹெர்மன் டீக்கன். அந்த வழக்கு முடியவில்லை. ஆனால் பாட்டில் வாழ்ந்த ஒருவன் பெயர் கல்லிலும் இருப்பதை ஜம்பை காட்டிவிட்டது. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இதற்கு நேர்மாறு: சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்த செய்தியைப் பல நூற்றாண்டு கழித்து, ராஜராஜன் காலத்தில் கல்லில் வெட்டினார்கள்.

ஏட்டின் நிலை இன்னும் சிக்கல். ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. பாட்டைக் காதால் முன்பே அறிந்தவருக்குத்தான் ஏடு தடையின்றி வாசிக்க வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை ஒரே குரலில் ஒப்பித்தது இதற்காகத்தான். 1822இல் ஆளுநர் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில் சென்னை மாகாணத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் 12,498 இருந்தன. மனப்பாடத்தில் ஊறிய இந்தப் படிப்பைக் கும்பினிக் கச்சேரியின் காகிதம் எப்படி ஓரங்கட்டியது என்பதை பவானி ராமன் 2012இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

புள்ளியும் இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்ந்த அச்சுப் புத்தகத்தை முன்பின் அறியாதவரும் எடுத்துப் படிக்கலாம். இருந்தும் சத்தம் போட்டுப் படிப்பது ஓயவில்லை. ‘பெரிய எழுத்து’ கதைப்புத்தகத்தை எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் படிக்க, வீடே உட்கார்ந்து கேட்டது. மௌன வாசிப்பு நடுத்தர வர்க்கத்து நாவல் வாசகரோடு வேரூன்றியதை ஆ. இரா. வேங்கடாசலபதி எடுத்துக்காட்டியிருக்கிறார். கூவாகம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில் பாரதத்தில் இன்றும் பழைய முறைதான். பிரசங்கியார் வில்லிபாரத விருத்தம் ஒன்றைப் பாடி, பதம் பிரித்து, பேச்சுத் தமிழில் பொருள் சொல்லி, உள்ளூர்ச் சங்கதி ஒன்றை இழுத்துப்போட்டு மறுபடி பாட்டுக்குத் திரும்புவார். பகலில் அவர் சொன்ன கதை இரவில் கூத்தாகும். எழுத்தறியாத கிழவிக்கும் அரவான் களப்பலி அத்துப்படி.

மலையில் எழுத்து அதிகாரத்தின் கையில் இருந்தது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் கிடந்தது. அரசுப் பள்ளியும் பட்டாவும் தாமதமாகத்தான் ஏறி வந்தன. அங்கே மனு எழுதித் தர ஆள் தேடுவதும் எழுத்தறிவின் வரலாறுதான். புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் கோடி, கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனதைத் தம் 2013 நூலில் பேசுகிறார். எழுத்து கற்பது தனியாள் திறமை மட்டுமல்ல, அரசோடு பேசும் வழி என்பது அதில் தெளிவாகும்.

இப்போது செல்போன். தட்டச்சு வராதவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார். தேட வேண்டியதை வாயால் சொல்லித் தேடுகிறார். எழுதியிருப்பதைக் கருவியே படித்தும் காட்டுகிறது. வாய்மொழிக் காலம் திரும்பிவிட்டது என்று சொல்லத் தோன்றும். பாதிதான் உண்மை. பிரசங்கியாரை நிறுத்தி ‘அதெப்படி?’ என்று கேட்கலாம். மனு எழுதுபவரிடம் ‘இதையும் சேர்த்து எழுதுங்க’ எனலாம். செல்போன் இந்த நடு ஆளின் தயவிலிருந்து மனிதரை விடுவிக்கிறது; கூலி மிச்சம், அவமானமும் மிச்சம். ஆனால் தனியே காதில் விழும் வதந்தியைக் கூட்டத்தில் வைத்து மறுக்க அங்கே யாரும் இல்லை.

ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் எழுத்தறிந்தவர் என்கிறது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் 2011இல் எழுத்தறிந்தவர் சுமார் 72 சதவீதம்; மாநிலத்தில் 80. எழுத்தறியாமல் பாரதம் கேட்டு வளர்ந்தவரும் குரல்பதிவில் காரியம் பார்ப்பவரும் இந்த எண்ணுக்குள் வரமாட்டார்கள். இனி இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும் என்பதோடு, படித்தது புரியாதபோதும் கேட்டது சந்தேகமாக இருக்கும்போதும் யாரிடம் போகிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். அந்த ஆள் இல்லாத ஊரில் எழுத்தறிவு நூறு சதவீதம் ஆனாலும் ஏமாறுவது நிற்காது.