எலும்புக்கூட்டுக் கரையும் பயண இலக்கியமும்

நமீபியாவின் வடகடலோரத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பலரும் ஜான் ஹெச். மார்ஷ் 1944-இல் வெளியிட்ட 'ஸ்கெலிட்டன் கோஸ்ட்' என்னும் நூலின் நிழலில் நின்றே எழுதுகின்றனர். 'எலும்புக்கூட்டுக் கரை' என்ற பெயர் உலகெங்கும் பரவ அந்நூல் பெருந்துணை புரிந்தது.

1942 நவம்பர் 29-ஆம் நாள் 'டனிடின் ஸ்டார்' என்னும் பிரிட்டிஷ் கப்பல் 106 பேருடன் அக்கரையருகே தரைதட்டியது. உதவிக்குச் சென்ற இழுவைக் கப்பலும் சிதைந்தது. அதன் மாலுமியர் ஆங்கஸ் மெக்கின்டயர், மத்தியாஸ் கோராசெப் இருவரும் மாண்டனர். மீட்பு விமானம் மணலிற் புதையுண்டது. தோண்டியெடுத்துப் பறக்கவிட்டபின் கடலில் வீழ்ந்தது. தரைவழி சென்ற ஊர்திகளோ மணலோடு மல்லாடின. காப்பாற்றச் சென்றோரையே காப்பாற்ற வேண்டிய இந்நிலை, எந்த எழுத்தாளனுக்கும் எளிதில் வாய்க்காத பொருளாகும்.

ஆயினும் அத்தலைப்பு விட்டுச்சென்ற மரபு நன்றன்று. 1971-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்நிலம், 16,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. பின்வந்த பயணக் கட்டுரைகளிலோ அது வெறும் பிணக்காடு. நான்கு சக்கர இயக்க ஊர்தியே காவியத் தலைவன். சக்கரத்தின் காற்றைக் குறைத்தது, மணலில் சிக்கியது, மீண்டது என்பதே கதை. ஊர்தி விற்பவர்கூட இவ்வளவு புகழார்!

நம் திணை மரபில் பயின்ற மாணவர் கருப்பொருள் எங்கே என்று கேட்பர். கேட்க வேண்டும். குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் எழுப்பும் மூடுபனி பாலைக்குள் நெடுந்தொலைவு புகுகின்றது. அதன் ஈரத்தை வண்டு தன் முதுகிலேற்றுப் பருகும். கற்பாசி அதனாலேயே உயிர்வாழும். ஹோவானிப் ஆற்றுப்படுகையில் யானைகள் திரிகின்றன. நெய்தலும் பாலையும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இத்தகு நிலத்தைப் பிணமென்பது பார்வைக் குறையேயாம்.

இக்குறை ஏட்டளவில் நிற்பதன்று. சரளைச் சமவெளியில் தடம் விலகி ஓடும் சக்கரத்தின் சுவடு பல பத்தாண்டுகள் அழியாது. நசுங்கிய கற்பாசி எளிதில் தளிர்க்காது. வெறுமை என்று படித்துச் செல்பவன் தடம் விலக ஏன் தயங்குவான்?

மெக்கின்டயரின் உடலைக் கடல் திருப்பித் தரவில்லை. கோராசெப்பின் கல்லறை அக்கரையில் இருக்கின்றது. துருப்பிடித்த கப்பலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் கட்டுரையாளர், இக்கல்லறைக்கு ஒரு வரியேனும் ஒதுக்கலாம்.