தானே வந்து சொல்லும் செய்தி

இணையக் கடையில் யாரோ 500 ரூபாய்க்குச் சட்டை வாங்குகிறார். மறுநொடி கணக்கு மென்பொருளில் பில் விழுகிறது, கிடங்குக்குத் தகவல் போகிறது, வாங்கியவருக்கு வாட்ஸ்அப் வருகிறது. நடுவில் ஆளே இல்லை. ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குத் தானாகவே செய்தி அனுப்பும் இந்த ஏற்பாட்டுக்கு வெப்ஹூக் என்று 2007இல் பெயர் வைத்தவர் ஜெஃப் லிண்ட்சே.

இது இல்லாவிட்டால், 'ஏதாவது வந்ததா?' என்று ஒரு மென்பொருள் இன்னொன்றை ஓயாமல் நச்சரிக்க வேண்டும். பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும்.

அந்தச் சட்டைக்குப் பணம் வந்ததும் ரேசர்பே என்ற பணப் பரிமாற்றச் சேவை அனுப்பும் செய்தியைப் பிரித்துப் பாருங்கள். தொகை 50000 என்றிருக்கும். பயப்பட வேண்டாம், பைசாக் கணக்கு. தசமப் புள்ளித் தகராறே வராது. செய்தியோடு ரகசியச் சாவியால் கணக்கிட்ட கையொப்பமும் வரும். அதைச் சரிபார்த்தால் போலி எது என்று தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது வெப்ஹூக்கின் பிடிவாதம். எதிர்முனை சர்வர் படுத்துவிட்டால், இடைவெளியைக் கூட்டிக்கூட்டி மறுபடி அனுப்பும். ஸ்ட்ரைப் என்ற இன்னொரு பணப் பரிமாற்றச் சேவை 3 நாள் வரை முயலும். 'கிடைத்தது' என்ற பதில் வழியில் தொலைந்தாலோ, சேர்ந்த செய்தியே இன்னொரு முறை வரும். அதனால் விவரமான நிரலர் ஒவ்வொரு நிகழ்வின் அடையாள எண்ணையும் குறித்துவைப்பார். பார்த்த எண் என்றால் 'சரி' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வார். இல்லையென்றால் ஒரே சட்டைக்கு இரண்டு பார்சல் கிளம்பிவிடும்.