ஹானோனும் நைட் ஷிஃப்ட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவந்து 61 கீ கீபோர்டில் பியானோ பழக நினைப்பவருக்குப் பலரும் நீட்டுவது ஹானோன். 1873-இல் வந்த புத்தகம், 60 பயிற்சிகள். நன்றாகப் பழகியபின் மொத்தமும் வாசிக்க ஒரு மணி நேரம்தானாம்! எட்டு மணி நேரம் மெஷினில் நின்ற கைக்கு இதைச் சொல்வது அநியாயம் என்பேன். விரலை உயரத் தூக்கச் சொல்வது வேறு. எடையில்லாத பிளாஸ்டிக் கீயில் மணிக்கட்டு இறுகுவதுதான் மிச்சம்.

ஆல்ஃபிரெட் அடல்ட் புத்தகம் பரவாயில்லை, கார்டைச் சீக்கிரமே கொடுத்துவிடுகிறது. ஆனா பல பாட்டு அமெரிக்க நாட்டுப்பாடல். கேட்டுப் பழகாத மெட்டில் தப்பு விழுந்தால் நம்ம காது எப்படிக் கண்டுபிடிக்கும்? நோட்டேஷன் படிக்க மட்டும் அதைத் திறங்க. மத்தபடி தெரிஞ்ச இளையராஜா மெட்டில் நாலு பார், முதலில் இடது கை தனியாக, மெதுவா, ஹெட்ஃபோனில் பதினைந்து நிமிஷம். ஹானோனில் முதல் ரெண்டு பயிற்சி போதும்.