அகதி முகாமும் ஆறுதலின் அளவுகோலும்

துன்பத்துக்கு ஆளான மக்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் கொடுத்தால் மட்டும் போதாது, அவர்தம் உள்ளத்துக்கும் மருந்திட வேண்டும் என்னும் கருத்து இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுவிட்டது. அகதி முகாம் எழும்பும் இடமெல்லாம் அரிசி வண்டியைத் தொடர்ந்து உளவளத்துணையாளரும் வந்து சேர்கிறார். இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும், அந்த ஆறுதல் எந்த நோய்க்காக வழங்கப்படுகிறது, எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது என்று கேட்பவர் குறைவு. அக்கேள்வியை எழுப்புவதே நம் நோக்கம். இதற்கென இரண்டு எழுத்துகளை ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, அனைத்துலக உதவி நிறுவனங்கள் கூடி 2007இல் ஜெனீவாவில் வெளியிட்ட, நெருக்கடிக் காலங்களில் மனநலமும் உளசமூக ஆதரவும் பற்றிய வழிகாட்டி நூல். மற்றது, இலங்கையின் புத்தளத்தில் வாழ்ந்த வடபுல முஸ்லிம்களைப் பற்றி 2013இல் வெளியான ஓர் ஆய்வு. முதலாவது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது, செய்யாமல் விட்டதால் என்ன விளைந்தது என்று காட்டுகிறது.

புத்தளத்தின் கதையை வாசகர்கள் அறிவார்கள். எனினும் அதன் சுருக்கத்தை நினைவூட்டுவது கடமையாகிறது. 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அம்மாதம் 30ஆம் நாள் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாய்த் தேடிய பொருளும், பேசிப் பழகிய அயலாரும், தொழுத பள்ளிவாசலும் அந்த இரண்டு மணி நேரத்தில் பின்னே நின்றுவிட்டன. பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்து, தென்னங்கிடுகு வேய்ந்த குடிசைகளில் குடியேறினர். எல்லை கடக்காதவர்கள் என்பதால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்’. ஊராரின் வாயிலோ அவர்கள் அகதிகள். போர் 2009இல் முடிந்தது. அதற்குள் முகாமில் பிறந்த குழந்தைகள் வளர்ந்து திருமணமும் முடித்திருந்தனர். அவர்களும் அகதிகள் என்றே அழைக்கப்பட்டனர்.

இம்மக்களின் உளநலத்தைச் செஸ்மல் சிறிவர்தன முதலான ஆய்வாளர்கள் அளந்தனர். இடம்பெயர்ந்து இருபது ஆண்டுகள் கழிந்த நிலையில், 18 முதல் 65 வயது வரையிலான 450 பேரைக் கண்டு செய்த ஆய்வு அது. அவர்களுள் 18.8 விழுக்காட்டினருக்குப் பொதுவான மனநோய்களுள் ஏதேனும் ஒன்று இருந்தது. ஐவரில் ஒருவர் எனலாம். இந்தத் தொகையைக் கண்டு வருந்துவோர் பலர். அதன் உட்பிரிவுகளைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. நம் கருத்தில், ஆய்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கொடுமையை நேரில் கண்டவர் அதை மறக்கவியலாது, கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் அதையே காணும் நிலையை மருத்துவர் மனவடுவின் பின்விளைவு நோய் என்பர். அகதி என்றதும் உலகம் முதலில் எண்ணுவது இந்நோயைத்தான். புத்தளத்தில் அது 2.4 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. மாறாக, உள்ளத்து வேதனை உடல்வலியாகவும் களைப்பாகவும் மாறி, மருத்துவச் சோதனையில் காரணம் அகப்படாமல் தொடரும் நோய் 14 விழுக்காட்டினரிடம் இருந்தது. நோயுற்றோர் யார் என்று பார்த்தால் மூன்று நிலைகள் மேலெழுகின்றன. வேலையற்றோர், துணையை இழந்தோர் அல்லது பிரிந்தோர், அடுத்த வேளை உணவுக்கு உறுதியில்லாதோர். இவர்களிடமே நோய் மிகுந்து காணப்பட்டது.

இதன் பொருள் என்ன? 1990இன் அந்த நாள் மறந்துபோயிற்று என்பதன்று. அந்த நாளின் காயத்தைவிட, அதன்பின் வந்த ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நாள்கள் செய்த காயம் பெரிது என்பதே நாம் கொள்ளும் பொருள். வேலையின்றி விடிந்த காலைகளும், பங்கீட்டு அட்டையோடு நின்ற வரிசைகளும், ‘எப்போது போவீர்கள்’ என்று கேட்ட முகங்களும் சேர்ந்து உடலில் வலியாய் இறங்கியிருக்கின்றன.

இவ்வாய்வுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். ஒரே ஒரு காலத்தில் எடுத்த கணக்கு இது. வேலையின்மையால் நோய் வந்ததா, நோயால் வேலை போயிற்றா என்பதை இத்தகைய கணக்கு முடிவுகட்டிச் சொல்லாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்திருக்கக்கூடும். ஆனால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், வேலையையும் உணவையும் ஒதுக்கிவைத்துவிட்டு உள்ளத்தை மட்டும் தனியே மருந்திட்டு ஆற்றிவிட முடியாது என்பது விளங்குகிறது.

இனி, 2007இன் வழிகாட்டி நூலுக்கு வருவோம். 2004 டிசம்பர் கடற்கோளுக்குப் பின் இலங்கையின் கரையோரங்களுக்கு உள ஆறுதல் கூற வந்தோரின் கூட்டத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மொழி அறியாதவர், வழக்கம் அறியாதவர், சில நாள் தங்கிச் சென்றவர் என அவர்கள் பலதிறத்தினர். நன்னோக்கம் உடையவர்களே ஆயினும், துயருற்றவரைப் பேசவைத்துக் கண்ணீர் வரவழைத்துவிட்டு, அடுத்த வாரம் அவரோடு இருக்கமாட்டாதவர்கள். இத்தகைய குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்ற உணர்வு வலுத்த காலத்தில், 2005இல் அமைந்த குழுவொன்று உருவாக்கியதே இந்நூல்.

நூல் நல்ல நூல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆதரவை அது நான்கு படிகள் கொண்ட கூம்பாக வரைந்து காட்டுகிறது. அகன்ற அடித்தளத்தில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும். அதன்மேல் குடும்பமும் சமுதாயமும் தரும் துணை. மூன்றாம் படியில், பயிற்சி பெற்ற பணியாளர் தனிமனிதருக்கோ சிறு குழுவுக்கோ தரும் ஆறுதல். குறுகிய உச்சியில் மனநல மருத்துவரின் சிகிச்சை. குடியிருப்பு, உணவு, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றுக்கும் தனித்தனி இயல்களை வகுத்திருப்பது இந்நூலின் சிறப்பு. மறைப்பில்லாத குளியலிடமும், விளக்கில்லாத கழிப்பிடப் பாதையும் ஒரு பெண்ணின் உறக்கத்தைக் கெடுக்குமானால், அவையும் மனநல மருத்துவத்தில் சேர்ந்தவையே என்னும் உண்மையை நூல் உணர்ந்திருக்கிறது. சமய வழிபாட்டுக்கும், இறந்தோர்க்குச் செய்யும் இறுதிக் கடன்களுக்கும் இடமளிக்க வேண்டும் என்றும் அது வற்புறுத்துகிறது.

குறை நூலை நடைமுறைப்படுத்தும் முறையில் இருக்கிறது. கூம்பின் மூன்றாம் படியை மட்டும் தனியே பெயர்த்தெடுத்து, அதற்கு ‘உளசமூக ஆதரவு’ என்று பெயரிடுகின்றனர். காரணம் எளியது. எத்தனை பேருக்கு எத்தனை அமர்வுகள் நடந்தன என்பதை எண்ணிவிடலாம். படத்தோடு அறிக்கையில் இடலாம். ஒரு தகப்பன் தன் உழைப்பில் மீன் வாங்கி வந்த நாளில் அவன் வீட்டில் நிகழ்ந்த மாற்றத்தை எந்த அறிக்கையும் எண்ணுவதில்லை. அடித்தளத்தை அமைப்பது உதவி நிறுவனத்தின் கையில் இல்லை, அது அரசுகளின் கையில் இருக்கிறது என்பது மற்றொரு காரணம். இங்கேதான் நூலின்மீதும் ஒரு குறை சொல்ல நேர்கிறது. அடித்தளத்தை அரசே மறுக்கும்போது, உதவி செய்வோர் எதை எப்படி உரத்துச் சொல்ல வேண்டும் என்பதில் நூலின் குரல் மிகவும் தாழ்ந்து ஒலிக்கிறது.

புத்தளத்தில் கற்றிருக்க வேண்டிய இப்பாடம் கற்கப்படவில்லை என்பதற்கு வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் சான்று. 2017 ஆகஸ்ட் 25க்குப் பின் மியன்மாரின் ராக்கைனிலிருந்து 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் அங்கு ஓடிவந்தனர். முன்பு வந்தோரையும் பின்பு வந்தோரையும் சேர்த்தால் தொகை 10 இலட்சத்தைத் தாண்டும். அங்கே மனநலப் பணியாளர் இல்லாமல் இல்லை. உள்ளூர்த் தன்னார்வலருக்குப் பயிற்சியளித்து நல்ல முறையில் பணிபுரியும் நிறுவனங்கள் பல உண்டு. ஆனால் அகதிகள் முகாமுக்கு வெளியே சென்று உழைத்து வாழ அரசின் அனுமதி கிடைக்கவில்லை. முகாம்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. 2021 மார்ச்சில் பெருந்தீ பரவியபோது தப்பியோடுவதற்கு அவ்வேலியே தடையாயிற்று. 2023இல் ஒருவருக்குரிய மாத உணவுப் பங்கீடு 12 டாலரிலிருந்து மார்ச்சில் 10 ஆகவும், ஜூனில் 8 ஆகவும் குறைந்தது. அடுத்த ஆண்டில் அது மீண்டும் உயர்த்தப்பட்டது உண்மை. ஆனால் ஒரு வேளை உணவைக் குறைத்துவிட்டு, அதே கையால் மன அமைதிக்கான பயிற்சியை நீட்டுவதில் உள்ள முரண்பாட்டை அந்த உயர்வு அழித்துவிடாது.

அம்மக்களின் மொழியில் ஒரு சொல் வழங்குகிறது. தம் உள்ளத்து வேதனையை அவர்கள் ‘அசாந்தி’ என்று சொல்கின்றனர். ஒலிப்பு அங்கே சற்று வேறுபட்டாலும், சாந்தி என்னும் சொல்லை அறிந்த நமக்கு அதன் பொருள் விளங்கும். அமைதியில்லை என்பதே அது. மருத்துவர் இச்சொல்லை ‘மனச்சோர்வு நோய்’ என்று மொழிபெயர்த்து எழுதிக்கொள்ளும்போது ஏதோ ஒன்று உதிர்ந்துபோகிறது. மனச்சோர்வு ஒருவரின் உள்ளே இருப்பது. அமைதியின்மை உள்ளேயும் இருக்கும், வெளியேயும் இருக்கும். குடியுரிமை மறுக்கப்பட்டவன் ‘அமைதியில்லை’ என்று சொல்லும்போது, அவன் தன் நோயை மட்டுமன்றித் தன் நிலைமையையும் சொல்கிறான். கேட்பவர் நோயை மட்டும் குறித்துக்கொண்டால், பாதியைத்தான் கேட்டவராகிறார்.

இதைக் கொண்டு, மனநோய் என்பதே மேலைநாட்டாரின் கற்பனை, அகதிக்கு வேண்டியது நீதி ஒன்றுதான் என்று முடிவுகட்டுவோர் உளர். அவர்களோடும் நாம் உடன்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கணிப்பின்படி, போர் நிகழ்ந்த நாடுகளில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருக்கிறது. கடுமையான நிலையில் இருப்போர் 5 விழுக்காட்டினர். தன்னை மறந்து அலைபவனுக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளத் துணியும் தாய்க்கும் மருந்தும் மருத்துவரும் உடனே வேண்டும். நீதி வரும்வரை அவர்கள் காத்திருக்க இயலாது.

நம் சமுதாயத்தவருக்கும் ஈண்டு ஒரு சொல். முகாமில் ஒருவர் நிலைகுலைந்தால் ‘ஜின் பிடித்தது’ என்று முடித்து, ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தவர் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். அப்பெருமைக்குத் தக்கபடி நடக்கவும் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறக்கலாகாது. தொழுகையும் துஆவும் துயருற்ற உள்ளத்துக்கு எவ்வளவு பெரிய ஊன்றுகோல் என்பதை அனைத்துலக நிறுவனங்களே இன்று ஒப்புகின்றன. 2018இல் ஒரு முஸ்லிம் நிறுவனமும் ஒரு கிறித்தவ நிறுவனமும் சேர்ந்து, சமய உணர்வை மதிக்கும் உளசமூகப் பணிக்கெனத் தனி வழிகாட்டியே வெளியிட்டுள்ளன. அந்த ஊன்றுகோலை மருந்துக்கு எதிரான தடியாக்கிவிடாதிருப்பது நம் பொறுப்பு.

ஆறுதலின் அளவுகோல் எது என்னும் கேள்விக்கு நம் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. மக்காவைத் துறந்து மதீனாவுக்கு வந்த முஹாஜிர்களை அன்ஸார்கள் உடன்பிறப்புகளாய் ஏற்றனர். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ, அவருக்காக இறைவனிடம் வேண்டிவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார்கள். கொடுத்தவரின் பெருந்தன்மையைப் பாராட்டி இந்நிகழ்ச்சியை நாம் பன்முறை கூறியிருக்கிறோம். பெற்றவரின் கேள்வியைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அகதியாய் வந்த மனிதர், வாங்கும் கையிலிருந்து கொடுக்கும் கைக்கு மாற விரும்பினார். மதீனா அவருக்குக் கடைத்தெருவைக் காட்டியது, முள்வேலி இட்டுத் தடுக்கவில்லை.

ஆதலால், முகாமில் நடக்கும் எந்த உளசமூகப் பணியையும் நாம் மூன்று கேள்விகளால் அளக்கலாம். துயருற்றவரின் சொல்லை அவர் மொழியிலேயே கேட்டதா? கடும் நோயுற்றவரை மருத்துவரிடம் தடையின்றிக் கொண்டுசேர்த்ததா? முகாமில் இருப்பவர், தம் கையால் ஒன்றைச் செய்து பிறர்க்குக் கொடுக்கும் நிலைக்கு வர வழிவிட்டதா? முதல் இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் முகாம்கள் இன்று பெருகி வருகின்றன. மூன்றாவது கேள்விக்கு உலகம் இன்னும் வாய் திறக்கவில்லை. கதியற்றவன் என்னும் பொருள்படவே தமிழ் அவனுக்கு அகதி என்று பெயரிட்டது. அவனுக்கு ஒரு கதியைத் திறந்துவிடாத ஆறுதல், எத்தனை அமர்வுகள் நடந்தாலும் புத்தளத்தின் அந்த உடல்வலியைத் தீர்க்காது.