பறவையின் முகவரி: எவ்வளவு நுட்பமாகச் சொல்லலாம்?

பறவை நோக்குவோர் தாம் கண்டதைப் பிறருக்கு அறிவிக்கும் வழக்கம் புதியதன்று. சபர் புத்தஹல்லி தொடங்கிய செய்திமடலுக்குப் பல ஊர் அன்பர்களும் தம் குறிப்புகளை அஞ்சலில் அனுப்பிவந்தனர். அவை அச்சேறி வருவதற்குள் பறவை இடம் மாறியிருக்கும். இன்றோ கண்ட சில நிமிடங்களிலேயே செய்தி உலகெங்கும் பரவிவிடுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய 'ஈபேர்டு' என்னும் இணையப் பதிவேடே இதற்கு முக்கியக் காரணம். அதன் நிறைகுறைகளைச் சற்று ஆராய்வோம்.

முதலில் நிறை. துகள்களை எண்ணும் கருவியில் நூறு துகள்கள் பதிவாயின என்று மட்டும் சொன்னால் பயனில்லை. கருவி எவ்வளவு நேரம் இயங்கியது என்பதும் தெரியவேண்டும். பறவைக் கணக்கும் அவ்வாறே. ஈபேர்டு நேரம், நடந்த தொலைவு, நோக்கியவர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்கிறது. கண்டு இனம் அறிந்த எல்லாப் பறவைகளையும் குறித்தீரா என்றும் வினவுகிறது. 'ஆம்' எனில், பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு செய்தியாகிவிடுகிறது! 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 பேர் அளித்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. ஆயினும் நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தது 338 இனங்களுக்கே. அவற்றுள் 60 விழுக்காடு குறைந்துள்ளன. பதிவுகள் இன்னும் போதவில்லை என்பது இதனால் விளங்கும்.

இனிக் குறை. நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் பெயர் பரவிய பொட்டிபுரத்தையும், அதனையடுத்த போடி மலைச்சரிவையும் எடுத்துக்கொள்வோம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். அடிவாரப் புதர்க்காட்டில் கௌதாரி. மேலே ஏலத் தோட்டங்களையும் சோலைகளையும் ஒட்டி நீலகிரிக் காட்டுப்புறா. வழிநெடுகக் கண்டவற்றை ஒரே பட்டியலில் இட்டால், இரண்டும் வரைபடத்தில் ஒரே புள்ளியில் அமர்ந்துவிடும். பதிவேடு அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறிக்கிறது, உயரத்தைக் கேட்பதில்லை. சமவெளிக்கு இது போதும், மலைக்குப் போதாது.

மற்றொரு குறை இதற்கு நேர்மாறானது; நுட்பம் மிகுதியாவதால் வருவது. பாகையில் நான்கு தசம இடம் என்பது தரையில் சுமார் 11 மீட்டர். அதாவது, கூடு உள்ள மரத்தையே காட்டிவிடலாம். இந்த அச்சம் கற்பனையன்று. 1999-இல் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு சீனக் குகைப் பல்லி, வணிகர்கள் தேடிவந்து பிடித்ததால், முதன்முதலில் கண்டறியப்பட்ட இடத்திலேயே அற்றுப்போயிற்று.

இதனை உணர்ந்தே ஈபேர்டு, ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனங்களின் இருப்பிடத்தை 20 கி.மீ. பக்கமுள்ள சதுரமாக மட்டுமே காட்டுகிறது. அதன் பரப்பு 400 சதுர கி.மீ. ஆய்வாளர் விண்ணப்பித்து நுட்பமான விவரம் பெற வழியுண்டு. ஆனால் இப்பாதுகாப்பு இனத்துக்குரியது, கூட்டுக்குரியதன்று. பட்டியலில் இல்லாத பறவை நம் தெருவோர மரத்தில் குஞ்சு பொரித்தால், அதைக் காக்கும் பொறுப்பு பதிபவருடையதே.

அதற்காக எதையும் பதியாமல் இருப்பது தீர்வாகுமா? ஆகாது. நாளை இச்சரிவில் ஒரு கல்குவாரியோ சாலையோ வரும்போது, பதிவில்லாத இடம் பறவையில்லாத இடம் என்றே கொள்ளப்படும். மறைத்ததால் காப்பாற்றப்பட்ட கூடும் அப்போது காட்டோடு போய்விடும்.

எனவே மாணவர்கள் பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம். மலையில் ஏறும்போது ஒரு நீண்ட பட்டியலுக்குப் பதில், சில நூறு மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பட்டியல் இடுக. உயரத்தைக் குறிப்புரையில் எழுதுக. கூட்டைக் கண்டால், குஞ்சுகள் பறந்த பின்னரே பதிக. அல்லது பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கும் வசதியைப் பயன்படுத்துக. கூட்டின் படத்தை உடனே நண்பர் குழுவுக்கு அனுப்பாதிருக்க.

ஓர் அளவீட்டில் எத்தனை தசம இடம் எழுதலாம் என்பதைத் தேவையே முடிவு செய்யும் என்று செய்முறை வகுப்பில் படிக்கிறோம். பறவையின் முகவரிக்கும் அவ்விதியே பொருந்தும்.