மலை பாதி சமைத்தது

திருச்சியிலிருந்து மதுரைச் சாலையில் 30 கிலோமீட்டர் போவதற்குள் விராலிமலை வந்துவிடுகிறது. சுற்றிலும் வறண்ட சமவெளி. நடுவில் தனித்து எழுந்த பாறைக் குன்று. உச்சியில் ஆறுமுகன், அடிவாரப் புதரெல்லாம் மயில். இருநூற்றுச் சொச்சம் படிகள் ஏறி முடித்தாலும் குளிரோ காடோ கிடையாது. ஆனாலும் இந்தக் குன்றின் சாமி குறிஞ்சி நிலத்துச் சாமி. இங்கே சுருட்டும் படைக்கிறார்கள், அது இந்த ஊருக்கே உரிய வழக்கம். தேனும் தினைமாவும் மட்டும் அவன் நிற்கும் எல்லாக் குன்றுகளுக்கும் பொது.

விராலிமலைக்கென்றே ஒரு குறவஞ்சி உண்டு. 2022இல் பத்மஸ்ரீ பெற்ற சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாள் ஆடியும் பாடியும் அதை நம் காலம்வரை கொண்டுவந்து சேர்த்தார். குறவஞ்சி எதுவானாலும், தன் மலையின் வளத்தைச் சொல்லாமல் குறத்தி குறி சொல்ல மாட்டாள். மலைக்காரிக்கு மலையே பெருமை, அங்கே விளைவதே செல்வம்.

இன்று மலையூருக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் அருவியும் காட்சிமுனையும் தேடிப் போகிறார்கள். சாப்பிடும் நேரம் வந்ததும் கீழே கிடைக்கும் அதே பரோட்டாவையும் ஃப்ரைடு ரைஸையும் கேட்கிறார்கள். கண்ணுக்கு மலையைக் காட்டிவிட்டு நாக்கைச் சமவெளியிலேயே விட்டுவிட்டுப் போகும் பயணம் அது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் மலைச் சமையலுக்கு வேறெங்கும் இல்லாத ஓர் அழகு இருக்கிறது. பாதிச் சமையலை மலையே முடித்துக் கொடுத்துவிடுகிறது. சரிவும் பனியும் பாறையும் காட்டுப் பூக்களும் சேர்ந்து ஒரு பண்டத்தின் ருசியைப் பாதி தீர்மானித்த பிறகுதான் அது அடுப்புக்கு வருகிறது. எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்வது என்று அறிந்திருப்பதே அங்கே சமைப்பவரின் தேர்ச்சி.

இதை முதலில் கண்டு சொன்னவர் கபிலர். விராலிமலைக்குத் தெற்கே, இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் பிரான்மலைதான் பாரியின் பறம்பு என்பார்கள். மூவேந்தரும் அதை முற்றுகையிட்டபோது, பட்டினி போட்டு இந்த மலையைப் பிடிக்க முடியாது என்று கபிலர் சொன்னதாகப் புறநானூற்றின் 109ஆம் பாட்டு அமைந்திருக்கிறது. அவர் சொன்ன காரணம் நான்கு உணவுகள்: மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். நான்கும் உழாமல் விளைபவை. மலைச் சமையலின் முதல் சரக்குப் பட்டியல் ஒரு போர்ப்பாட்டில் இருப்பது தமிழுக்கு வாய்த்த பேறு. மாவு, பழம், கிழங்கு, இனிப்பு என்று ஒரு முழு விருந்துக்கு வேண்டியது அந்த நான்கிலேயே அடங்கிவிட்டதையும் கவனிக்க வேண்டும்.

தினை அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அதை விதைத்துக் காவல் காக்க வேண்டும். வள்ளி பரண்மேல் நின்று கிளி ஓட்டியது அந்தத் தினைக்காகத்தான். கிழவன் வேடத்தில் வந்த முருகன் அவளிடம் பசிக்குக் கேட்டதும் தேனும் தினைமாவும்தான். தினைமாவு பார்வைக்கு எளிய பண்டம், பக்குவத்தில் கண்டிப்பானது. தினையைக் களைந்து, நீரை வடித்து, நிழலில் உலர்த்தி, வெறும் சட்டியில் மிதமான தீயில் வறுக்க வேண்டும். பச்சை வாசம் போய் நெய்யில்லாமலே நெய் மணம் போல ஒன்று எழும் கணம் இருக்கிறது. அப்போது இறக்க வேண்டும். தாமதித்தால் கசப்பு ஏறும், அவசரப்பட்டால் மாவு வாயில் ஒட்டும். பிறகு சற்றுக் கொரகொரப்பாக இடிக்க வேண்டும். மாவு நன்றாக ஆறிய பின்தான் தேன். சூட்டில் ஊற்றினால் தேனின் மணம் ஓடிவிடும். கொஞ்சம் நெய், ஒரு சிட்டிகை ஏலம் போதும். உருண்டை நாக்கில் பட்டதும் முதலில் தேன் கரையும். அது கரைந்த பிறகு தினையின் கொட்டைச் சுவை மெல்ல மேலெழும். வெல்லத்தை அள்ளிக் கொட்டினால் இந்த வரிசை குலைந்துபோகிறது. முந்திரியும் திராட்சையும் சேர்த்தால் தினை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

இந்தக் குறிஞ்சி அடுக்களையை அதன் இடத்திலேயே காண, விராலிமலைப் பக்கத்தாருக்கு எட்டும் தூரத்தில் கொல்லிமலை இருக்கிறது. நாமக்கல் பக்கம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், பலா, மிளகு, அன்னாசி, காபி. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமும் ஆகாயகங்கைக்கு இறங்கும் படிகளின் அருகிலும் பாத்திரத்தில் ஆவி பறக்க விற்கிறார்கள் முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. பழுப்பு ரோமம் மூடி, ஆட்டுக்காலை வெட்டி வைத்தது போலவே இருக்கும். ரோமத்தைச் சுரண்டி, தோல் சீவி, உள்ளிருக்கும் வெளிர்ப் பகுதியை நறுக்கி இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு கொதிக்க விடுகிறார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று மலையில் சொல்வார்கள். நான் அதை ருசிக்காகவே குடிப்பேன். நல்ல சூப்பில் மிளகு முன்னால் வந்து தொண்டையைத் தொடும். பின்னால் மழை நனைத்த மண்ணின் வாசமும் லேசான துவர்ப்பும் தங்கும். மசாலாப் பொடியை அள்ளிப் போட்ட சூப்பில் அந்தப் பின்சுவை இருக்காது. வாங்குமுன் பாத்திரத்தின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: தெளிந்த பழுப்பு நல்லது, செக்கச் சிவப்பு வேண்டாம்.

சூப் வழிப்போக்கர் பானம். மலையின் உண்மையான சாப்பாடு சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும். சாமை மிகச் சிறிய மணி. அதன் உமியை நீக்குவது நெல்லைக் குத்துவதைவிடக் கடினம். பெண்கள் உரலில் திரும்பத் திரும்பக் குத்திப் புடைத்துப் புடைத்துத்தான் ஒரு வேளை உலைக்குச் சேர்ப்பார்கள். ஆனால் அதே உமிதான் அதன் காவல். உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது, மழை பொய்த்த ஆண்டைக் கடத்திவிடும். உலையில் போட்டால் சீக்கிரம் வெந்துவிடும், கவனம் தப்பினால் குழையும். பொலபொலவென்று வடித்த சாமைச் சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றினால், அரிசிச் சோற்றைப் போல அது குழம்பை மேலே மிதக்க விடாது. முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் சாமைக்குக் குழம்பு நீர்க்க இருக்கக்கூடாது. களிக்கு நேர்மாறான முறை. நொய் வெந்து கொதிக்கும் உலையில் கேழ்வரகு மாவைக் கொட்டி, வேகவிட்டு, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளற வேண்டும். தோளும் முதுகும் சேர்ந்து செய்யும் வேலை அது. கையை நனைத்துக்கொண்டு ஒரு வாய் கிள்ளி, குழித்து, கீரைக் கடைசலில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவதுதான் முறை. களியின் சுகம் தொண்டையில் இருக்கிறது.

தேனுக்கு வருவோம். புட்டியில் அடைத்து ஆண்டு முழுதும் ஒரே சுவையில் கிடைப்பதை மட்டும் அறிந்தவர்களுக்கு மலைத்தேன் அதிர்ச்சி தரும். அது பருவத்துக்குப் பருவம் மாறும். நீலகிரியில் குறும்பர்கள் கொடியில் ஏணி கட்டிச் செங்குத்துப் பாறையில் இறங்கிப் பெருந்தேனீக் கூடுகளிலிருந்து எடுக்கும் தேன் கருத்து, இளகி, காட்டு மணத்தோடு இருக்கும். நாவல் பூத்த காலத்துத் தேனில் தெளிவான கசப்பு உண்டு. அந்தக் கசப்பைக் குறை என்று ஒதுக்குகிறவர் இழப்பது அதிகம். எந்த மரம் எப்போது பூத்தது என்பதை நாக்குக்குச் சொல்லும் இனிப்பு வேறு எது?

மலையின் பங்கு எவ்வளவு என்பதற்குப் பழநிப் பஞ்சாமிர்தம் இன்னொரு சாட்சி. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தின் உயிர் விருப்பாச்சி மலைவாழை. மலைச்சரிவில் விளையும் அந்தப் பழத்தில் நீர்ச்சத்து குறைவு. அதனால்தான் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் சேர்த்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் பிசையும்போது அது நீர் விட்டுக்கொள்ளாமல் பல நாள் தாங்குகிறது. சமவெளி வாழையில் அந்தப் பக்குவம் எளிதில் வராது. வாழைக்குள் சரிவு செய்து வைத்த வேலையின் மேல்தான் பிசையும் கை நிற்கிறது.

உலகத்தின் வேறு மலைகளிலும் சட்டம் இதுவே. ஆல்ப்ஸில் கோடையில் மட்டுமே உயரத்துப் புல்வெளி பச்சையாக இருக்கும். அந்த நாலு மாதப் பாலைக் குளிர்காலத்துக்குக் கடத்தத்தான் பெரிய பெரிய சக்கரங்களாகப் பாலாடைக்கட்டி செய்தார்கள். அதை நெருப்பில் காட்டி உருக்கி, உருளைக்கிழங்கின்மேல் வழித்து உண்பது ராக்லெட். ஸ்விட்சர்லாந்தின் வாலே பகுதியில் ஊர்ப் பொது அடுப்பில் ஆண்டுக்குச் சில தடவை மட்டும் ரை ரொட்டி சுட்டு, மாதக்கணக்கில் வைத்து உண்டார்கள். 1980களிலிருந்து ஸ்விட்சர்லாந்து போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர் பலர் அந்நாட்டு உணவக அடுக்களைகளில் வேலை பார்த்தவர்கள். ஆகவே உருகும் பாலாடைக்கட்டி தமிழ்க் கைகளுக்கு அந்நியமும் இல்லை.

நம் ஆல்ப்ஸ்காரர்கள் நீலகிரித் தோடர்கள். எருமையும் புல்வெளியும்தான் அவர்கள் வாழ்வு, பால்மனையே கோயில். மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தம் நூலில் பால் கறப்பதும் கடைவதும் அவர்களிடம் எவ்வளவு நுட்பமான சடங்கு என்று விரிவாக எழுதினார். ஆல்ப்ஸ்காரன் பாலைக் கட்டியாக்கிக் காத்தான், தோடர் வெண்ணெயாக்கி நெய்யாக்கிக் காத்தார். மோரில் வெந்த சோற்றில் எருமை நெய் விட்டு உண்ணும் அவர்களின் சைவச் சாப்பாட்டுக்கு மசாலா தேவைப்படவில்லை. தானியம் படகரிடமிருந்தும், பானை கோத்தரிடமிருந்தும், தேன் குறும்பரிடமிருந்தும் வந்தது. ஒரு கலம் சோற்றில் ஒரு மலையின் நாலு குடிகளும் கூடியிருந்தார்கள்.

இந்தச் சாப்பாடு தானாகத் தங்கிவிடாது. கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியது. அது பணம் தந்தது, விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பாரம்பரிய விதைகளைக் காக்கவும், உரல் வேலையைக் குறைக்கும் உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவரவும் பல ஆண்டுகள் மக்களோடு உழைத்தது. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியது. இவற்றுக்கெல்லாம் பிறகும், வாங்கி உண்ண ஆள் இருந்தால்தான் அந்தச் சரிவில் அடுத்த ஆடியில் சாமை விதைப்பார்கள். விருந்தாளியின் இலைக்கும் விவசாயியின் விதைக்கும் நடுவே தூரம் அதிகமில்லை.

ஆகவே மலைக்குப் போகிறவர் செய்ய வேண்டியது சிறிய காரியம். தங்கும் இடத்தில் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்: மறுநாள் மதியத்துக்குச் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஏதாவது ஒரு கீரை. சமைக்க நேரம் கொடுக்க வேண்டும். என்ன விளைந்திருக்கிறதோ அதையே கேட்க வேண்டும், பலா இல்லாத மாதத்தில் பலாவுக்கு அடம் பிடிக்கக்கூடாது. கொல்லிமலைச் சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் மலைவாழையும் வாங்கும்போது பேரம் பேசாமல் வாங்க வேண்டும். இலையில் வந்ததை அவசரமில்லாமல் உண்டு, ருசி நன்றாக இருந்தால் சமைத்தவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்து வருகிறவர் கேட்பதற்கு முன்பே அந்த அடுப்பில் சாமை ஏறுவதற்கு அந்த ஒரு சொல் போதும்.