பூ வெறும் அலங்காரமா? – மனு பாரேக்கின் மலர்ச்சாடி ஓவியங்கள்

நம் வீடுகளின் வரவேற்பறைச் சுவர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். அழகிய எழுத்தணியில் ஓர் ஆயத்து இருக்கும். கஅபாவின் படம் இருக்கும். எதிர்ச்சுவரில், பெரும்பாலும், சாடியில் செருகிய ரோஜாக்களின் அச்சுப்படம் ஒன்று தொங்கும். உயிர்களின் உருவத்தை மாட்டத் தயங்கும் நாம் மலரைத் தயக்கமின்றி மாட்டிவிடுகிறோம். மாட்டிய பின்னர் ஒரு நாளும் அதனை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நம்மை எதுவும் கேட்காத படம் என்பதே பூப்படத்துக்கு நாம் அளித்திருக்கும் மதிப்பு. இம்மதிப்பீடு சரிதானா என என்னை ஐயுறச் செய்தவை மனு பாரேக்கின் மலரோவியங்கள்.

1939-இல் அகமதாபாத்தில் பிறந்தவர் பாரேக். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்று 1962-இல் வெளிவந்தார். கைத்தறி, கைவினைத் துறையில் வடிவமைப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றினார். துணைவியார் மாத்வி பாரேக்கும் புகழ்பெற்ற ஓவியர். 1991-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இவருடைய அறுபதாண்டுப் படைப்புகளைத் தில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடம் 2017-இல் காட்சிக்கு வைத்தது.

அச்சுப்படிகளின் வாயிலாகவே நான் கண்ட அம்மலர்கள் சாந்தமானவை அல்ல. நடுவே ஒரு சாடி; அதில் அடங்க மறுத்து நாற்புறமும் முண்டியெழும் பெருமலர்கள். சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று தழுவவில்லை, மோதுகின்றன. இதழ்கள் தடித்திருக்கின்றன. சில மலர்களின் நடுவட்டம் கண்ணைப்போல் நம்மையே நோக்குகிறது. இன்ன பூ என்று பெயர் சொல்ல இயலாது. ஆயினும் உயிருள்ளது என்பதில் ஐயமில்லை.

இவ்வண்ணக் கோலாகலத்தைக் கண்டதும் ஒரு கேள்வி எழுவது இயல்பு. நாட்டில் எத்தனையோ துயரம் இருக்க, ஓவியன் பூ வரைந்துகொண்டிருப்பது தப்பியோடுதல் ஆகாதா? பாரேக்கை நோக்கி இக்கேள்வியை எளிதில் வீச முடியாது. பீகாரின் பாகல்பூரில் 1979-80-ஆம் ஆண்டுகளில் காவலில் இருந்தோரின் கண்களைக் குத்தி அமிலம் ஊற்றிக் குருடாக்கிய கொடுமையைத் தூரிகையால் பதிவு செய்தவர் அவர். பறிக்கப்பட்ட கண்ணை வரைந்த கையே பின்னாளில் மலரின் நடுவே கண்ணை வைத்தது என்று எண்ணும்போது, அந்தப் பூ வேறு பொருள் கொள்கிறது. இது என் வாசிப்பே. ஓவியரின் வாக்குமூலம் அன்று. காசியின் படித்துறைகளையும் அவர் பல்லாண்டுகள் வரைந்தார். அங்கே பூ வழிபாட்டுக்கும் போகிறது, பிணத்தின் மீதும் விழுகிறது. அழகும் அழிவும் ஒரே கூடையில் இருப்பதை அறிந்தவரின் மலர்கள் இவை.

மலரை வெறும் அலங்காரமாகக் கருதாத மரபு நம்மிடமும் இருந்தது. 1620-இல் காஷ்மீர் சென்ற ஜஹாங்கீர், தம் ஓவியர் உஸ்தாத் மன்சூர் அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை வரைந்ததாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். எஞ்சியவற்றுள் சிவப்புத் துலிப் மலரோவியம் அலிகாரில் பாதுகாக்கப்படுகிறது. மன்சூரின் மலர் பொறுமையின் விளைவு. தண்டின் வளைவுக்கும் இதழின் மடிப்புக்கும் அவர் சாட்சி சொல்கிறார். பாரேக்கின் மலரோ உணர்ச்சியின் வெடிப்பு. வழி வேறாயினும், பூவைப் பொருட்படுத்துதல் என்ற ஒன்றில் இருவரும் உடன்படுகின்றனர்.

குறையும் கூறவேண்டும். ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்பக் கையாளும்போது சாடி வெறும் வாய்பாடாகிவிடுகிறது. சில ஓவியங்களில் நிறங்களின் மோதல் தளர்ந்து, துணியில் அச்சிடத்தக்க வடிவமாக நின்றுவிடுகிறது. நெடுங்காலம் துணிகளோடு பழகிய கை அது; அதுவே அவருடைய வலிமை, அதுவே அவருடைய ஆபத்தும்கூட. கண் போன்ற அந்த நடுவட்டம் எங்கே மங்குகிறதோ அங்கே படமும் மங்குகிறது.

இதையெல்லாம் இராயபுரத்தில் அமர்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. எண்ணூரில் வாழும் உறவுச் சிறுமி ஒருத்தி செம்பருத்தி வரைந்து என்னிடம் காட்டினாள். இதழ்களின் மேல் சாம்பல் நிறம் பூசியிருந்தாள். "செம்பருத்தி சிவப்பல்லவா, அம்மா?" என்றேன். "எங்கள் வாசலில் இப்படித்தான் இருக்கிறது, மாமா" என்றாள். நான் சிவப்புப் பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். அவளும் மறுபேச்சின்றி மேலே தீட்டிவிட்டாள்.

அன்று நான் செய்தது பிழை. அனல்மின் நிலையச் சாம்பலை இலையிலும் இதழிலும் கண்டு வளர்பவள் அவள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுக்கச் செய்ததையும் அறிந்தவள். அவள் பார்த்ததை வரைந்தாள். நானோ வரவேற்பறைப் படத்தை வரையச் சொன்னேன்.

பாரேக்கைப் போல வண்ணம் தீட்டுங்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவொற்றியூர் மாடிகளில் பழைய பெயிண்ட் டப்பாவில் மண் நிரப்பி மல்லிகை வளர்க்கிறோமே, அந்த டப்பாவையும் துருவையும் மொட்டையும் உள்ளவாறு காண அவர்களை விட்டால் போதும். 1850-இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி பெரியமேட்டை ஒட்டித்தான் இருக்கிறது. நம் தெருக்களிலிருந்து அது தொலைவில் இல்லை. அதற்குமுன், சுவரிலுள்ள அந்த ரோஜாப் படத்தை இன்று ஒருமுறை நாம் நிமிர்ந்து பார்ப்போம். அது நம்மை ஒன்றும் கேட்கவில்லையெனில் கழற்றிவிட்டு, வீட்டுப் பிள்ளை வரைந்த பூவை அங்கே மாட்டுவோம், அது சாம்பல் நிறத்தில் இருந்தாலும்.